யாருடைய புகை?
பெருநகரக் கட்டடங்களின் வாயுக் கணக்கும் அறப்பொறுப்பும்

பொறுப்பு என்பது பற்றிப் பேசும் அறவியலாளர் பெரும்பாலும் ஒரு மனிதனையும் அவனது செயலொன்றையும் முன்னிறுத்தியே பேசத் தொடங்குகின்றனர். செய்தவன் ஒருவன்; செய்த செயல் ஒன்று; அதனால் விளைந்த தீங்கு ஒன்று. இம்மூன்றும் கண்ணுக்குப் புலப்படும் கோடொன்றினால் இணைந்திருக்கும்போது பொறுப்பு யாரைச் சாரும் என்று சொல்வதில் இடர்ப்பாடு இல்லை. தமிழ் மரபின் எண்ணமும் இதுவே. சித்திரபுத்திரனாரின் ஏட்டில் ஒவ்வோர் உயிருக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. ஒருவன் செய்த வினை மற்றொருவன் பக்கத்தில் எழுதப்படுவதில்லை. ஆனால் நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றின் கொதிகலனிலிருந்து எழும் புகையை எவர் பக்கத்தில் எழுதுவது? கட்டடத்தை வரைந்த சிற்பி இறந்திருக்கலாம். உரிமையாளர் வேறொரு நகரில் வாழலாம். உள்ளே குடியிருப்போர் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றனர். கட்டடமோ மனச்சான்று இல்லாத வெறும் கல்லும் இரும்பும். இருந்தும் அதன் பெயரில் கணக்கொன்று எழுதப்படுகின்றது. அக்கணக்கின்படி தண்டமும் விதிக்கப்படுகின்றது.

இது கற்பனைப் புதிரன்று. ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநகரில் வெளியாகும் பச்சைவீட்டு வாயுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களிலிருந்தே எழுகின்றது. மோட்டார் வண்டிகளையும் ஆலைகளையும் குற்றவாளிகளாகக் கருதிப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்கலாம். ஆனால் சுரங்கப் புகைவண்டியில் பயணம் செய்து, அடுக்குமாடிகளில் வாழ்ந்து, குளிர்காலம் முழுவதும் அறைகளைச் சூடேற்றிக்கொள்ளும் மக்களின் நகரில் வேறு எங்கிருந்து அது வரும்? 2009 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட 84 ஆம் இலக்க நகரச் சட்டம் 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் உரிமையாளர் ஆண்டுதோறும் தமது சக்தி நுகர்வையும் நீர் நுகர்வையும் அறிக்கையிட வேண்டும் என்றது. அவ்வறிக்கைகளை எவரும் பார்வையிடலாம் என்பதும் அதன் விதி. 2016 இல் எல்லை 25,000 சதுர அடியாகத் தாழ்த்தப்பட்டது. 2020 முதல் பெருங்கட்டடங்களின் வாயிலில், அவற்றின் சக்திச் சிக்கனத்தைக் காட்டும் ஆங்கில எழுத்தொன்று, பள்ளிக்கூடப் புள்ளி அறிக்கையில் இடுவதுபோல, ஒட்டப்படுகின்றது. 2019 இல் நிறைவேறிய 97 ஆம் இலக்கச் சட்டம் ஒரு படி மேற்சென்றது: ஒவ்வொரு வகைக் கட்டடமும் சதுர அடி ஒன்றுக்கு இவ்வளவு வாயுவையே வெளியிடலாம் என்று எல்லை வகுத்தது. 2024 இல் நடைமுறைக்கு வந்த அவ்வெல்லையை மீறும் ஒவ்வொரு மெட்ரிக் தொன்னுக்கும் ஆண்டுதோறும் 268 டொலர் தண்டம்.

இக்கணக்கு எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். புகைபோக்கியின் வாயில் எவரும் கருவி பிடித்து நிற்பதில்லை. கட்டடம் ஓராண்டில் பெற்ற மின்சாரம், எரிவாயு, எண்ணெய், நிலத்தடிக் குழாய்வழி வரும் நீராவி ஆகியவற்றின் அளவைப் பட்டியல்களிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் சட்டம் குறித்துள்ள ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக் கூட்டுவதே முறை. எரிவாயுவைப் பொறுத்தவரை இதில் விவாதத்துக்கு அதிக இடமில்லை. எரித்த வாயுவிலிருந்து எழும் காபனீரொட்சைட்டு இவ்வளவு என்பதை இரசாயனம் சொல்லிவிடும். மின்சாரம் அப்படிப்பட்டதன்று. சுவரிலுள்ள துவாரத்தில் வந்து சேரும் மின்சாரம் நயாகராவின் நீர்வீழ்ச்சியில் பிறந்ததா, எரிவாயு நிலையத்தில் பிறந்ததா என்பதைச் செருகியைச் செருகுபவர் அறியார்; அறிந்தாலும் தெரிவுசெய்தல் அரிது. எனவே சட்டம் ஒரு பொது எண்ணை நிறுவுகின்றது: 2024 முதல் 2029 வரை கிலோவாற்று மணி ஒன்றுக்கு ஏறத்தாழ 289 கிராம், 2030 முதல் 2034 வரை 145 கிராம். எதிர்வரும் ஆண்டுகளில் மின்சாரம் இந்த அளவுக்குத் தூய்மையடையும் என்ற எதிர்பார்ப்பே இரண்டாவது எண்ணாக முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளது.

எதிர்பார்ப்பும் நடப்பும் ஒன்றாயிராது என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. நகருக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையிலிருந்த இந்தியன் பொயின்ற் அணுமின் நிலையம் நகரும் அயற்பகுதியும் நுகர்ந்த மின்சாரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை வழங்கி வந்தது. 2021 ஏப்ரிலில் அதன் கடைசி உலை மூடப்பட்டது. அவ்விடத்தைப் பெரிதும் நிரப்பியது எரிவாயு மின்சாரம். அதாவது, மான்ஹற்றனில் ஒருவர் முதல் நாள் ஏற்றிய அதே விளக்கை மறுநாளும் ஏற்றினார். அவர் செயலில் மாற்றமில்லை. ஆனால் அச்செயலின் பின்விளைவு மாறிவிட்டது. மனிதனின் அறநிலை அவனது ஆட்சிக்கு உட்படாத நிகழ்வுகளைச் சார்ந்து நிற்கும் இவ்வியல்பைப் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகியோர் 1976 இல் ஆராய்ந்தனர். அவர்கள் இட்ட பெயரைத் தமிழிற் சொல்லப் புகுந்தால் 'ஊழ்' என்ற சொல்லைத் தவிர்ப்பது கடினம்.

பெருக்கெண் மனிதர் வகுத்தது, ஆகவே கணக்கு முழுவதும் கற்பனை, ஆகவே அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று வாதிடுவோர் உளர். இவ்வாதம் மேலெழுந்தவாரியானது. ஒரு மரக்காலின் கொள்ளளவை இயற்கை நிர்ணயிக்கவில்லை. ஊரார் கூடி நிர்ணயித்தனர். அதனால் மரக்காலைக் குறைத்து அளந்த வணிகன் குற்றமற்றவன் ஆகிவிடுவதில்லை. அளவையை மனிதர் வகுத்தனர் என்பதனால் அளக்கப்படும் பொருள் இல்லையென்று ஆகாது. நியூயோர்க்கின் கொதிகலன்கள் உண்மையாகவே எரிகின்றன. ஆயினும் இவ்வொப்புமை இன்னொரு திசையிலும் செல்லும். மரக்கால் யார் வீட்டு முற்றத்தில் செய்யப்பட்டது என்று கேட்கும் உரிமை நெல் அளப்பவனுக்கும் உண்டு, நெல் பெறுபவனுக்கும் உண்டு. எதை எதனால் வகுப்பது என்ற தீர்மானமே, எவர் நல்லவராகத் தோன்றுவார் எவர் தீயவராகத் தோன்றுவார் என்பதைப் பாதி நிர்ணயித்துவிடுகின்றது.

பாங்க் ஒவ் அமெரிக்கா கோபுரத்தின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2010 இல் திறந்துவைக்கப்பட்ட இவ்வானளாவி, சூழற்பாதுகாப்புக் கட்டடங்களுக்கு வழங்கப்படும் 'லீட்' சான்றின் அதியுயர் படியான பிளாற்றினத்தைப் பெற்ற முதலாவது வானளாவி எனக் கொண்டாடப்பட்டது. மழைநீரைச் சேமிக்கும் அமைப்பும் தனக்கெனச் சொந்த மின்பிறப்பாக்கியும் அதற்கு உண்டு. ஆனால் 2012 இல் நகரம் வெளியிட்ட சக்தித் தரவுகளோ வேறு கதை கூறின. சதுர அடி ஒன்றுக்கு இக்கட்டடம் நுகர்ந்த சக்தி, 1931 இல் கட்டி முடிக்கப்பட்ட எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தின் நுகர்வைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். 'பச்சைக் கட்டடம்' என்ற புகழ் பொய்யென்று பலர் எள்ளி நகைத்தனர். கட்டடத்தின் சார்பில் பேசியோர் கூறிய விடையும் புறக்கணிக்கத்தக்கதன்று: கோபுரத்தின் பல தளங்களில் பங்கு வணிகமும் நாணய வணிகமும் நடைபெறுகின்றன, அங்கே மேசைக்கு மேசை பல கணினித் திரைகள், அவற்றை இயக்கவும் பின்பு குளிர்விக்கவும் மின்சாரம் வேண்டும். குற்றம் சுவர்களினுடையதன்று, சுவர்களுக்குள் நடக்கும் தொழிலினுடையது என்பது அவர்கள் வாதம். சிற்பியின் நோக்கில் இது நியாயமே. ஆனால் இவ்வாதத்தை ஏற்றுக்கொண்டவர் அடுத்த வினாவிலிருந்து தப்ப முடியாது: அத்தொழில் எவருக்குப் பயன்படுகின்றது? ஒரு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைக்கூடமும் சதுர அடிக்கு மிகுதியான சக்தியையே உண்ணும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கச் சட்டமும் துணியவில்லை. மருத்துவமனைக்கு வேறோர் எல்லையை வகுத்தது. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு புகை தகும் என்ற கேள்விக்கு, கட்டடங்களை வகைப்படுத்தும் அட்டவணை ஒன்றின் வாயிலாக, எவரும் உரத்துப் பேசாமலே விடை எழுதப்பட்டுவிட்டது.

சதுர அடி என்ற வகுக்கும் எண்ணில் இதைவிட ஆழமான ஓர் அநீதி பதுங்கியிருக்கின்றது. இரண்டாயிரம் சதுர அடி கொண்ட வீடொன்றில் தனியராக வாழும் செல்வர் ஒருவரையும் அறுநூறு சதுர அடி வீட்டில் அறுவராக வாழும் குடும்பம் ஒன்றையும் எண்ணிப் பார்க்கலாம். செல்வரின் சக்தி நுகர்வு பெரும்பரப்பினால் வகுபட்டுச் சிறு எண்ணாகத் தோன்றும். அறுவர் சமைக்கும் உணவும் குளிக்கும் வெந்நீரும் சிறுபரப்பினால் வகுபட்டுப் பேரெண்ணாகத் தோன்றும். ஆள் ஒருவருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் வரிசை தலைகீழாகும். வெற்றிடம் இங்கே நற்பண்பாக மாறுகின்றது, நெருக்கம் குற்றமாகின்றது. நியூயோர்க் நகரவாசி ஒருவரின் வாயு வெளியீடு அமெரிக்கர் ஒருவரின் சராசரி வெளியீட்டை விடக் கணிசமாகக் குறைந்திருப்பதற்குக் காரணமே அங்குள்ள நெருக்கந்தான் என்பதை நினைவிற் கொண்டால் இம்முரண்பாட்டின் கனம் விளங்கும். கட்டடத்துக்குள் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்று அரசு ஆண்டுதோறும் எண்ண முற்படுவதிலும் இடருண்டு. அப்படி எண்ணும் அரசைக் குடிமக்கள் அஞ்சுவர், குறிப்பாகக் குடியேறியோர் அஞ்சுவர். எனவே பரப்பை அளப்பது எளிதான வழியாகத் தெரிவுசெய்யப்பட்டது. எளிமை ஒரு நிருவாகக் காரணம். அதை அறக்காரணமாக எடுத்துக்கொள்ளலாகாது.

வேறு வகுக்கும் எண் இல்லையா? டோக்கியோ மாநகரம் 2010 இல் பெருங்கட்டடங்களுக்கு வெளியீட்டு எல்லை விதித்தபோது வேறொரு வழியைக் கைக்கொண்டது. அங்கே ஒரு கட்டடம் அயற்கட்டடத்துடன் ஒப்பிடப்படுவதில்லை. தனது பழைய நுகர்வுடனேயே ஒப்பிடப்படுகின்றது. 2002 முதல் 2007 வரையான காலத்தின் தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளின் சராசரியை அடியாகக் கொண்டு, அதிலிருந்து இத்தனை வீதம் குறைக்க வேண்டும் என்பது விதி. எல்லைக்குக் கீழே குறைத்தவர் எஞ்சியதை மற்றவருக்கு விற்கலாம். முயற்சியை மதிக்கும் முறை என்று இதைப் போற்றலாம். ஆனால் முன்பு வீண்செலவு செய்தவனுக்கே குறைப்பது எளிது. முன்பே சிக்கனமாக வாழ்ந்தவனுக்குக் குறைக்க என்ன இருக்கின்றது? சமநிலையில் உள்ளோரிடையே சமத்துவம் என்பது நியூயோர்க்கின் நீதி. அவரவர் திருந்திய அளவு என்பது டோக்கியோவின் நீதி. இரண்டும் நீதியே, இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடக்க இயலாது.

இனி, எண் சரியாகவே எழுதப்பட்டது என்று கொள்வோம். அது எவர் பக்கத்தில் எழுதப்படுகின்றது? சட்டம் உரிமையாளரைச் சுட்டுகின்றது. பழைய நியூயோர்க் அடுக்குமாடிகளிற் குளிர்காலத்தைக் கழித்தவர் எவருக்கும் தெரிந்த காட்சி ஒன்று உண்டு: வெளியே உறைபனி; வீட்டின் யன்னலோ அகலத் திறந்திருக்கும். நிலவறையிலுள்ள கொதிகலன் கட்டடம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் நீராவியை அனுப்புகின்றது. சில வீடுகள் வெந்து போகின்றன, சில வீடுகள் விறைத்துப் போகின்றன. வெப்பத்தைக் குறைக்கும் திருகு பல வீடுகளில் இல்லை, அல்லது இயங்குவதில்லை. யன்னலைத் திறப்பதே குடியிருப்போரின் ஒரே வழி. இங்கே சக்தியை வீணாக்குபவர் யார்? கையால் யன்னலைத் திறந்தவர் குடியிருப்பாளர். ஆனால் அவருக்கு வேறு தெரிவு இருக்கவில்லை. தெரிவு இருந்தவர் கொதிகலனுக்கு உரியவர். அவரோ யன்னலைத் தொட்டதேயில்லை. வங்கிக் கோபுரத்தில் நிலைமை மறுபுறமாகும். திரைகளை வாங்கி மேசைகளில் நிறைத்தவர் வாடகைக்கு இருக்கும் நிறுவனத்தார். அவர்களது மின்சாரத்துக்குக் கட்டட உரிமையாளர் பொறுப்புக் கூற வேண்டியுள்ளது. டோக்கியோவின் விதிகள் பெரிய வாடகையாளருக்கும் ஒத்துழைக்கும் கடமையை விதித்தது இதனை உணர்ந்தமையாலேயே.

செய்தவனே பொறுப்பாளி என்ற பழைய சூத்திரம் இவ்விடத்தில் உடைந்துபோகின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்க மெய்யியலாளர் ஐரிஸ் மேரியன் யங், அவர் மறைந்த பின் 2011 இல் வெளிவந்த நூலில், குற்றத்தையும் பொறுப்பையும் வேறுபடுத்திக் காட்டினார். குற்றம் பின்னோக்கியது, யார் செய்தார் என்று தேடுவது. பொறுப்பு முன்னோக்கியது, அநீதியை விளைவிக்கும் அமைப்பினுள் இருப்போரில் அதை மாற்ற வல்லவர் யார், அதனால் நன்மை பெறுவோர் யார் என்று கேட்பது. இந்நோக்கில் கட்டட உரிமையாளரைச் சட்டம் சுட்டுவது பிழையன்று. அவர் குற்றவாளி என்பதனாலன்று. கொதிகலனை மாற்றும் அதிகாரமும், வாடகையாகப் பெறும் வருவாயும், இடத்தின் விலையேற்றமும் அவர் கையில் இருப்பதனால். அதிகாரத்தையும் சுமையையும் ஒரே தோளில் ஏற்றும்வரை சட்டம் நியாயமானது. இரண்டும் வெவ்வேறு தோள்களுக்குப் பிரியும் இடத்திலேயே அது தடுமாறுகின்றது.

சட்டம் இயற்றியோர் இதை ஓரளவு உணர்ந்திருந்தனர். கொதிகலனை மாற்றிய செலவை வாடகையில் ஏற்றினால் சுமை அதிகாரமற்றவன் தோளுக்குப் போய்விடும். ஆதலால், வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகள் 35 வீதத்துக்கு மேல் உள்ள கட்டடங்களுக்கு வேறொரு வழி திறந்துவைக்கப்பட்டது: குழாய்களுக்கு வெப்பக்காப்புச் சுற்றுதல், நீராவிப் பொறிகளைத் திருத்துதல், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்துதல் போன்ற செலவு குறைந்த பணிகளைச் செய்து முடித்தாற் போதும். யன்னலைத் திறந்து வைத்திருந்த குடியிருப்பாளருக்கு அளவுகணக்கை விட இச்சிறு திருத்தங்களே பெரும்பயன் தருவன என்பதையும் இங்குக் குறிப்பிடலாம்.

சூத்திரம் மீண்டும் ஒருமுறை இடறுவது கூட்டுறவுக் குடியிருப்புகளில். அங்கே உரிமையாளரும் குடியிருப்போரும் ஒருவரே. குயீன்ஸ் பகுதியில், இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் எழுந்த கிளென் ஓக்ஸ் கிராமம் இத்தகையது. தாழ்ந்த மாடிகளும் தோட்டங்களும் கொண்ட நடுத்தர மக்களின் குடியிருப்பு. ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நூறு வீடுகளும் 100,000 சதுர அடியும் கொண்ட குடியிருப்பு ஒன்றுக்கு 2029 வரையுள்ள எல்லை 675 தொன். அது 775 தொன் வெளியிட்டால் தண்டம் 26,800 டொலர். வீட்டுக்கு 268 டொலர். பொறுத்துக்கொள்ளலாம் எனத் தோன்றும். ஆனால் 2030 இல் எல்லை ஏறத்தாழ 335 தொன்னாக இறங்குகின்றது. மின்சாரத்தின் பெருக்கெண் குறைவதால் ஓரளவு ஆறுதல் கிடைக்கும்; எரிவாயுவாலும் எண்ணெயாலும் சூடேறும் வீடுகளுக்கு அந்த ஆறுதலும் சிறிதே. வெளியீடு அப்படியே நின்றால் தண்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 118,000 டொலர். கொதிகலனை அகற்றி மின்சார வெப்பமேற்றிகளுக்கு மாறுவதற்கோ அதனினும் பெருந்தொகை வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் ஒருவர் தம் பங்குக்கு அதை எங்கிருந்து கொடுப்பார்? கிளென் ஓக்ஸ் குடியிருப்பினரும் வேறு சிலரும் 2022 இல் வழக்குத் தொடுத்தனர். 2025 மே மாதத்தில் மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கு தீர்க்கப்பட்டது, மாநிலத்தின் காலநிலைச் சட்டம் இருக்கையில் நகரம் இத்தகைய சட்டத்தை இயற்றலாமா என்ற அதிகார வரம்பு வினாவே. முதியவரின் வினா நீதிமன்றத்துக்கு உரியதன்று.

அவ்வினாவுக்கு எளிதான விடையொன்றைச் சிலர் கூறுவர்: உலகம் முழுவதும் எழும் புகையில் ஒரு குடியிருப்பின் நூறு தொன் எம்மாத்திரம்? தனித்தனியே உணரமுடியாத தீங்குகள் ஒன்றுசேர்ந்து பெருந்தீங்காகும்போது தனியொருவரின் பங்கு பூச்சியமாகிவிடாது என்பதை டெரெக் பார்பிற் 1984 இலேயே காட்டிவிட்டார். அவ்விடையை இங்கு நீட்ட வேண்டியதில்லை. மேலும், 2012 அக்டோபரில் சாண்டிப் புயல் கடல்நீரை நகரின் சுரங்கப்பாதைகளுக்குள் கொண்டுவந்தபோது, குயீன்ஸின் தாழ்நிலக் கரையோர மக்களும் அதனால் அடிபட்டனர். முதியவர் தீங்கை விளைவிப்போருள் ஒருவர், தீங்குறுவோருள்ளும் ஒருவர். வல்லமை உள்ளவரே பொறுப்புடையவர் என்ற யங்கின் கருத்தைக் கைக்கொண்டால், அவருடைய கடமை அவருக்குக் கிடைக்கும் உதவியின் அளவுக்கே விரியும். கடன் வசதியும் மானியமும் தராத அரசு, அவரிடம் எண்ணை மட்டும் காட்டும் தகுதியைப் பாதி இழந்துவிடுகின்றது.

268 டொலர் என்பது இருவருக்கும் ஒரே எண். பெருவணிக நிறுவனம் ஒன்று அதை வாடகையோடு வாடகையாகக் கட்டிவிட்டுத் தன் திரைகளை எரியவிடலாம். அதற்கு அது தண்டமன்று, விலை. கூட்டுறவுக் குடியிருப்புக்கு அது தண்டமே. இவ்வேறுபாட்டை நகர நிருவாகமும் கண்டது போலும். 2023 டிசம்பரில் அது வெளியிட்ட விதிகள், எல்லையைக் கடந்த உரிமையாளர் நன்முயற்சி செய்திருப்பின் தண்டத்தைக் குறைக்க இடமளித்தன: அறிக்கையை உரிய காலத்தில் கொடுத்திருத்தல், திருத்த வேலைகளைத் தொடங்கியிருத்தல், இன்ன ஆண்டுக்குள் எல்லைக்குள் வருவோம் என்ற திட்டத்தைச் சமர்ப்பித்திருத்தல் ஆகியன அதற்குச் சான்றுகள். சூழல் இயக்கத்தினர் இதைத் தளர்வு எனக் கண்டித்தனர்; காலம் கடத்துவோருக்கு வாய்ப்பாகும் என்ற அவர்களது அச்சம் ஆதாரமற்றதன்று. ஆயினும் இதில் வேறொன்றும் நிகழ்ந்துள்ளது. மின்மானியையும் எரிவாயுப் பட்டியலையும் மட்டுமே படிக்கத் தொடங்கிய கணக்கு, கடைசியில் மனிதரின் நோக்கத்தையும் படிக்க வேண்டிய நிலைக்கு வந்துள்ளது. முதலாவது அறிக்கைகள் 2025 ஆம் ஆண்டில் சமர்ப்பிக்கப்பட வேண்டியனவாயின. அவற்றுடன் வந்து சேரும் திட்டங்களில் எது உண்மையான முயற்சி, எது காகித முயற்சி என்பதைத் தரம் பிரிக்கும் வேலை, சதுர அடியையும் கிலோவாற்று மணியையும் கணக்கிட்டுப் பழகிய கட்டடத் திணைக்கள அலுவலரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்துள்ளது.